கைப்பிடி அம்மாவிடம் இருந்தது

ஆமியிலிருந்து விலகி வீட்டுக்கு வந்த அன்று, அம்மா என்னுடைய பையைத் தானே திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். இராணுவச் சீருடை இல்லை என்பது உறுதியானதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடியில் கிடந்த இரண்டு கறுப்பு றப்பர் துடுப்புகளையும் தூக்கிப் பிடித்து, "இது என்ன கோதாரி?" என்று கேட்டார்.

"காலில போட்டுக்கொண்டு தண்ணிக்கு அடியில நீந்திறது அம்மா."

"இனி உனக்கென்ன தண்ணிக்கு அடியில அலுவல்?" என்று சொல்லி அவற்றை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். வந்த அன்றே வாய்க்கு வாய் காட்ட வேண்டாம் என்று நானும் வெறும் பையை மடித்து வைத்தேன்.

எங்கள் வீடு ஸ்கந்தபுரத்துப் பக்கம். வயல்தான் தொழில். கடல் என்றால் எங்களுக்குக் கருவாடு, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான் நீந்தப் பழகியதே வாய்க்காலில். யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பித் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த காலத்தில், பெண்பிள்ளைகளுக்கு அரசாங்க வேலை என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். என்ன வேலை என்று துருவிக் கேட்க அப்போது ஒருவருக்கும் துணிவில்லை. கேட்டவுடன் நான் ஓம் என்றேன், அம்மா கையெழுத்து வைத்தார். பயிற்சி முகாமில் சீருடையும் சப்பாத்தும் தந்தபோதுதான் அது என்ன வேலை என்று முழுதாக விளங்கியது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம். எங்களோடு யுத்தம் செய்த அதே ஆமியில் சேர்ந்தேன் என்று ஊரில் சிலர் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. வீட்டுக்குக் கூரை போட்டதும் கிணற்றுக்குக் கட்டுக் கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான்.

கேட்டவுடன் ஓம் சொல்வது எனக்கு ஒரு வியாதி. ஆமி அந்த வியாதியைத் தீர்க்கவில்லை, அதற்குத் தீனி போட்டு வளர்த்தது. கடலுக்கு அடியில் மூழ்கிச் சுழியோடப் போனதும் அப்படித்தான். கடைசி வருடங்களில் ஒரு கரையோர முகாமில் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தேன். அங்கே நடந்த சுழியோடும் வகுப்புக்குப் பெண்களில் ஒருவர் குறைகிறார் என்றார்கள். என் வாய் எனக்கு முந்திக்கொண்டு ஓம் என்றது. மூன்றாம் நாள் கடலுக்குள் இறங்கும்போது காது பிய்ந்துவிடும் போல வலித்தது. பயிற்சி தந்தவர் விரல்களை வட்டமாக்கிக் காட்டி, சரியா என்று கேட்டார். மேலதிகாரி சரியா என்று கேட்டால் ஆமியில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. நானும் வட்டம் காட்டினேன். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், நான் திரும்பத் திரும்பக் காட்டினேன். மேலே வந்தபோது முகக்கண்ணாடிக்குள் இரத்தம்.

அன்று வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த ஏச்சோடு ஒரு விதியும் வந்தது. தண்ணீருக்குள் இறங்குகிறவர் யாராக இருந்தாலும், எந்த நிமிடத்திலும், பெருவிரலை மேல்நோக்கிக் காட்டினால் எல்லோரும் மேலே போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. மேலே வந்த பிறகும் அதைச் சொல்லி நக்கலடிக்கக் கூடாது. தளபதியே கூட இறங்கினாலும் இதுதான் விதி. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. என்னுடைய வேண்டாம் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்புள்ள ஓர் இடத்தை நான் அதுவரை கண்டதில்லை. மீன்களையும் பவளப் பாறைகளையும் பார்த்து எனக்குச் சுழியோடுவதில் ஆசை வந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவற்றை நான் பிறகுதான் பார்த்தேன்.

ஊருக்கு வந்து சில மாதங்களில் இரண்டு வேலைகள் என்னைத் தேடி வந்தன. என்னோடு பயின்ற சிங்களத் தோழி ஒருத்தி திருகோணமலையில், சுற்றுலா வருபவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் ஓர் இடத்தில் பொறுப்பாக இருந்தாள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு அங்கே கடல் தெளிந்துவிடும், புரட்டாதி வரைக்கும் வேலை, வா என்றாள். மற்றது முல்லைத்தீவில், அட்டை பிடிக்கப் போகும் ஒரு வள்ளத்தில். கடலின் அடியில் கிடக்கும் கடலட்டையைக் கையால் பொறுக்கி எடுத்து, ஏற்றுமதிக்கு விற்பது. இரண்டையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்.

"பன்னிரண்டு வருசம் நீ வாறியோ எண்டு வாசல் ஒழுங்கையைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இனி என்னால ஏலாது."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அம்மா அதை அரிசி புடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். போக வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், கையெழுத்து வைத்த அந்தக் கை ஒரு பக்கம். பங்குனி முழுவதும் நான் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. தோழி தொலைபேசியில் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, எங்கள் ஊர் வயல்காரரின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் திறக்கிற நாட்கள். மோட்டார் சைக்கிளை முற்றத்தில் விட்டுவிட்டு, கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"பிள்ளை, குளத்துத் துருசு அடைச்சுப்போச்சு. கதவை முழுசாத் தூக்கியும் வாய்க்காலுக்கு ஒரு முழத் தண்ணி வருகுதில்லை. நீ சுழியோடப் படிச்சனீ தானே, ஒருக்கா இறங்கிப் பாக்கிறியோ?"

"ஓம் மாமா," என்றேன்.

குசினிக்குள் அம்மா சட்டியை இறக்கி வைத்த சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

மாமா போன பிறகுதான் நான் என்னத்துக்கு ஓம் சொன்னேன் என்று யோசித்தேன். துருசு என்பது குளக்கட்டுக்கு அடியால் தண்ணீரை வயலுக்கு விடும் வழி. கட்டுக்கு இந்தப் பக்கம் மூன்றாள் ஆழத் தண்ணீர், அந்தப் பக்கம் வெறும் வாய்க்கால். நடுவில் ஒரு ஆள் நுழையக்கூடிய துவாரம், அதற்கு உள்ளே தள்ளி ஒரு இரும்புக் கதவு. கதவு திறந்திருக்கும்போது அடைப்பு விலகினால், குளம் முழுவதும் அந்தத் துவாரத்தால் ஓடப் பார்க்கும். பக்கத்தில் மரம் நின்றால் மரத்தையும், ஆள் நின்றால் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். காற்றுச் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருந்தாலும் அங்கே பிரயோசனமில்லை.

அடுத்த நாள் காலையில் மாமாவின் வீட்டுக்குப் போனேன். நான் இறங்கும்போது கதவு முழுதாக இறக்கியிருக்க வேண்டும் என்றேன். கதவைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி, நான் சொல்லும் ஆளிடம் கொடுக்க வேண்டும் என்றேன். கைப்பிடி இல்லாவிட்டால் கதவை ஒருவராலும் அசைக்க ஏலாது. மாமாவுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது.

"வாய்க்கால் கதவில மரக்கொப்பு வந்து அடைச்சா நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? கதவைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத் தடியால ஒரு தள்ளு. மிச்சத்தைத் தண்ணியே இழுத்துக்கொண்டு போயிடும். அதுதானே லேசு?"

"அது முழங்கால் அளவு தண்ணி மாமா. அங்க நீங்கள் வரம்பில நிண்டு தள்ளுறியள். இஞ்ச நான் உள்ளுக்க நிக்கிறன்."

"சரி சரி, உன்ர விருப்பம்," என்றார். சின்னப் பிள்ளைகளைச் சமாளிக்கும்போது தலையாட்டுவார்களே, அந்தத் தலையாட்டல். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

சிலிண்டருக்காக முல்லைத்தீவுக்கு பஸ் எடுத்தேன். என்னை அட்டை பிடிக்கக் கூப்பிட்ட அந்த வள்ளக்கார அண்ணாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அகதி முகாம் காலத்துப் பழக்கம். அவர் முந்தி நல்ல சுழியோடி, இப்போது இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததால் வந்த வினை. வீட்டுச் சுவரில் மாதா படம், அதற்குக் கீழே கொழுவியில் அவருடைய பழைய முகக்கண்ணாடி. அவருடைய மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு, இவரைப் பார்த்தாவது புத்தியாக இரு தங்கச்சி என்றார்.

அண்ணா சிரித்தார். "அட்டையைக் கண்டா மணிக்கூடு கண்ணில தெரியாது தங்கச்சி. இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு எண்டு நிண்டிட்டன். உனக்கு அந்தப் பேராசை இல்லை. அதாலதான் வள்ளத்துக்குக் கேக்கிறன்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணா," என்றேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும், அது எனக்கு எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று. சிலிண்டரோடு தானும் வருவதாகவும், நான் இறங்கும்போது இடுப்பில் கட்டும் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க விடமாட்டேன் என்றும் அண்ணா சொன்னார்.

நான் இறங்கிய அன்று காலையில் குளக்கட்டில் நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்த இரண்டு பேரும் நின்றார்கள், அவர்களுக்கும் வயல் இருக்கிறதே. எல்லோரும் கேட்டது முதலையைப் பற்றித்தான். முதலை இருந்தாலும் அது கதவைத் திறக்காது என்று சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. வரமாட்டேன் என்று முதல் நாள் முழுக்கச் சொன்ன அம்மா, குடையும் சுடுதண்ணிப் போத்தலுமாக வந்து மருத மர நிழலில் இருந்தார்.

மாமா கதவை இறக்கிக் கைப்பிடியைக் கழற்றி என்னிடம் தந்தார். யாரிடம் கொடுப்பது என்று நின்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் மாமாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவருக்கு மூத்தவர், அவரைப் போடா என்று சொல்லக்கூடியவர் அங்கே ஒருவர்தான். கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தேன்.

"அம்மா, நான் வெளியில வந்து என்ர கையால வாங்கிற வரைக்கும் இதை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. ஆர் கேட்டாலும்."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கைப்பிடியின் பாரத்தைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்.

குளத்து மீன்காரர் ஒருவரின் சின்ன வள்ளத்தில் அண்ணா கயிற்றோடு இருக்க, நான் இறங்கினேன். இரண்டு முழம் போனதும் வெளிச்சம் தேத்தண்ணி நிறமாகியது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். துருசுக் கட்டைத் தடவித் தடவிக் கீழே போனேன். கம்பித் தடுப்பு உடைந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. துவாரத்துக்குள் ஒரு மருதங்கொப்பு குறுக்காகச் செருகி, அதில் பழைய மீன்வலையும் உரப் பைகளும் சுற்றிச் சேறும் கட்டியிருந்தன. வலையை அறுக்க வலது கையைத் தோள்மூட்டு வரைக்கும் துவாரத்துக்குள் விட வேண்டியிருந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது. கத்தியால் அறுத்துக்கொண்டே, கதவு மூடியிருக்கிறது, கதவு மூடியிருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது. கடலில் எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை. கடலுக்குக் கதவில்லை.

கையோடு கொண்டுபோன வடத்தின் நுனியைக் கொப்பில் கட்டிவிட்டுக் கயிற்றை இழுத்து அண்ணாவுக்குச் சைகை கொடுத்தேன். மேலே வந்தபோது உழவு யந்திரம் வடத்தை இழுக்க ஆயத்தமாக நின்றது. மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டில் தனியே நின்றார். நான் கரையேறியதும் என்னிடம்தான் முறைப்பாடு வைத்தார்.

"உன்ர அம்மா இண்டைக்கு இத்தனை பேருக்கு முன்னால என்னை மரியாதையில்லாமல் ஏசிப்போட்டா. நீ போய்க் கனநேரமாச்சு, குமிழி மட்டும் வருகுது. கஷ்டப்படுறாய் போல, கதவை ஒரு சாண் தூக்கிவிட்டா உனக்கு லேசா இருக்கும் எண்டு, கைப்பிடியைத் தாங்கோ அக்கா எண்டு கேட்டன். தரமாட்டன் எண்டிட்டா. வாங்கப் போனன். அதைக் கீழ போட்டு அதுக்கு மேல ஏறி இருந்துகொண்டு, தொட்டாயெண்டால் பார் எண்டு குடையை ஓங்கிறா."

அவர் சொல்லிக்கொண்டு போக, என்னுடைய வலது கை தோளிலிருந்து விறைத்துக்கொண்டு வந்தது. பிறகு கோபம். பன்னிரண்டு வருடமாக ஒரு மேலதிகாரிக்கு முன்னால் குரலை உயர்த்தாத நான், அந்தக் கட்டில் நின்று மாமாவை ஏசினேன். என்ன சொன்னேன் என்பது இப்போது வரிசையாக ஞாபகமில்லை. உங்களுக்கு லேசு எனக்குச் சாவு என்று சொன்னது ஞாபகம். மாமா கெட்டவரல்ல. தன் வாழ்நாள் முழுக்க வாய்க்காலில் செய்த வேலையை, எனக்கு உதவி என்று நினைத்து, குளத்திலும் செய்யப் பார்த்தார். அதுதான் என்னைக் கூடுதலாக நடுங்க வைத்தது. கெட்டவராக இருந்தால் முதலிலேயே கவனமாக இருந்திருப்பேன்.

யந்திரம் இழுத்ததும் கொப்பு வந்தது, அதன் ஒரு பெரிய கிளைக் கவரும் கொஞ்ச வலையும் உள்ளேயே முறிந்து நின்றன. அவை தண்ணீரோடு போய்விடும் என்று சொல்லி, நான் அம்மாவிடம் கைப்பிடியை வாங்கி மாமாவிடம் கொடுத்தேன். அவர் கதவைத் தூக்கினார். கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். வாய்க்காலின் வாயால் தண்ணீர் பாய்ந்தது, அதோடு அந்தக் கவரும் வந்தது. என் தொடைத் தடிப்பு இருக்கும், நாலைந்து துண்டாகி, பட்டை உரிந்து வந்தது. மாமா ஒரு துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடம் போய், அவருடைய குடையை மடித்துக் கொடுத்தார். அம்மாவும் அந்தத் துண்டைப் பார்த்திருந்தார்.

அதோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த மரத்துண்டைக் கண்ட தாய் யார்தான் பிள்ளையைத் திரும்பத் தண்ணீருக்குள் விடுவார்? வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, தோழிக்கு வரவில்லை என்று அறிவிக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"திருகோணமலையில நீ கீழ போனா, மேல ஆர் நிக்கிறது?" என்று கேட்டார்.

"வள்ளக்காரர் அம்மா. நாங்கள் ஏறுற வரைக்கும் அவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது."

"சொன்னாச் சொன்னபடி நிக்கிற ஆளோ?"

"ஓம்."

"உன்ர மாமா மாதிரி உதவி செய்ய வெளிக்கிடமாட்டாரோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. துருவலைக் கூட்டி எடுத்துச் சட்டிக்குள் போட்டார்.

"ஆமிக்கு விட்ட பிறகு நீ எங்க நிக்கிறாய், ஆரோட நிக்கிறாய், ஒண்டும் தெரியாது. ஒழுங்கையைப் பாக்கிறதைத் தவிர எனக்கு வேற அலுவல் இல்லை. இண்டைக்குக் குமிழியைப் பாத்துக்கொண்டு இருந்தன். பயமாத்தான் இருந்தது, பொய் சொல்லேல்லை. ஆனா நான் செய்யிறதுக்கு ஒரு வேலை இருந்துது." சட்டியை மூடிவிட்டு, "மழைக்குக் காலபோகம் விதைக்க வந்திடவேணும்," என்றார்.

முல்லைத்தீவு அண்ணாவுக்கு நானே பஸ் ஏறிப் போய், வள்ளத்துக்கு வரவில்லை என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சுழியோடிதானே.

இப்போது இது இரண்டாவது பருவம். சித்திரை கழியத் திருகோணமலைக்குப் போகிறேன், மழை தொடங்க முன் வயலுக்கு வந்துவிடுகிறேன். இடையில் வேறு இரண்டு குளத்துக்காரரும் துருசு பார்க்கக் கேட்டு வந்தார்கள். அம்மாவும் என்னோடு வந்து கைப்பிடியை வைத்துக்கொண்டிருந்தார். அதற்கென்று ஒரு பழைய பாயும் எடுத்து வைத்திருக்கிறார். நிறைவாக இருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஆமியில் இருந்த பன்னிரண்டு வருடமும் அம்மா தொலைபேசியில் என்னிடம் கேட்டது சாப்பிட்டியோ என்ற ஒரு கேள்வியைத்தான். அதற்கு மேல் எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது. நானும் சாப்பிட்டேன் என்று மட்டும் சொன்னேன். இப்போது வள்ளம் புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு காலையும் அழைக்கிறார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதேயில்லை.

"இண்டைக்கு மேல ஆர்?"

நான் வள்ளக்காரரின் பெயரைச் சொல்வேன். அம்மா அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். தெரியாத பெயர் என்றால் இன்னும் இரண்டு கேள்வி வரும். தெரிந்த பெயர் என்றால் அவ்வளவும் போதும்.

"சரி," என்பார், "இறங்கு."